முதுகுக்குப் பின்னால் ஒரு கை

ஜனவரி 18, ஞாயிறு

தவமணி சாருக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்ட கையோடு இதை எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எல்லாம் இவர் செய்த வேலை. என் வீட்டுக்காரர் ஆசீர் மின்வாரிய வாலிபால் அணியில் செட்டராக ஆடியவர். அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற வேலை. எதிரணி சர்வீஸ் போடுவதற்கு முன்னால் வலையோரம் நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார். பந்து யாருக்கு வரும், எவ்வளவு உயரத்தில் வரும் என்பது பின்னால் நிற்கிற தன் ஆட்களுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். யாராவது வந்தால் வாசலில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டே பின்னால் எனக்குக் கை காட்டுவார். ஒரு விரல் என்றால் காப்பி. விரித்த கை என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், உலை வை. மூடிய கை என்றால் ஒன்றும் வேண்டாம், பேச்சை வளர்க்காமல் அனுப்பிவிடு. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை.

தவமணி சார் இவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அமெரிக்காவில். போனில் இருக்கிற அத்தனை படத்தையும் காட்டி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு எப்போதும் மூடிய கைதான். இன்று பார்த்தால் விரித்த கை! நானும் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்து, எங்கள் இரண்டு பேருக்கு வைத்திருந்த கறியை நீட்டித் தேங்காய் அரைத்து ஊற்றினேன். அவர் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினார்.

போன பிறகு பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா? அந்த மனுசனுக்குப் போயி உலை வைக்கச் சொல்லுதிய?"

"நா கைய மூடித்தானட்டி காட்டினேன்."

"விரிச்ச கை எது, மூடுன கை எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்."

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளிருக்கு மரத்துப் போச்சு போலிருக்கு" என்றார்.

வள்ளியூரில் என்ன குளிர்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 21, புதன்

நான் பள்ளிக்குப் பாடம் எடுக்கக் கிளம்புகிற அவசரத்தில், தன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார். சின்னப் பிள்ளையா நீங்கள் என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டேன். பால்காரரிடம் நாளை முதல் அரை லிட்டர் கூடச் சொல்ல வேண்டும். உடம்பில் சத்து இல்லை இவருக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகள் ஷெரின் விடுதியிலிருந்து வந்தாள். பிசியோதெரபி மூன்றாம் வருடம். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவும் மகளும் கை குலுக்குவார்கள். குலுக்குவது என்ன, நசுக்குவது. யார் முதலில் அலறுகிறார்களோ அவர் தோற்றவர். எப்போதும் இவள்தான் அலறித் தெருவைக் கூட்டுவாள்.

இன்று சத்தமே இல்லை. "அப்பா, இறுக்கிப் பிடிங்கப்பா" என்றாள். "பிடிச்சிட்டுத்தானட்டி இருக்கேன்" என்றார்.

கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அமுக்கிப் பார்த்தாள். அந்த இடம் கொஞ்சம் குழிந்துதான் இருக்கிறது. நான் கவனித்ததில்லை.

"சும்மா இருக்கும்போது சதை துடிக்காப்பா?"

"ஆமா, தோலுக்குக் கீழ எறும்பு ஓடுத மாதிரி. ஒங்க அம்மை கீரையாப் போட்டா சரியாப் போவும்."

ஷெரின் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டபடி உள்ளேயே இருந்தாள். கண் சிவந்து வந்தது. பரீட்சை பயம். மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் காலி.

பிப்ரவரி 20, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தார். கழுத்தெலும்பில் கொஞ்சம் தேய்மானம் என்றார். ஐம்பதைத் தாண்டினால் யாருக்குத்தான் இல்லை? நரம்பு டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று சேர்த்துச் சொன்னார். அதெல்லாம் முடியாது, இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று இவர் வழியெல்லாம் முரண்டு.

கழுத்துத் தேய்மானம்தான். ஷெரினுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரிம்மா" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 7, சனி

நாகர்கோவிலில் சங்கக் கூட்டம் என்று விடியற்காலையில் லிங்கதுரை அண்ணனின் காரில் போனார். லிங்கதுரை அண்ணன் அந்தக் காலத்தில் இவர் தூக்கிக் கொடுக்கிற பந்தை அடித்துப் பேர் வாங்கியவர். இப்போது வாழைக்காய் மொத்த வியாபாரம், யானை மாதிரி உடம்பு. இவரை மச்சான் என்பார், என்னைத் தங்கச்சி என்பார்.

ராத்திரி வரும்போது ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றல் வாங்கி வந்தார். பொட்டலத்தில் மலையாள எழுத்து. நாகர்கோவிலில் எல்லாம்தான் கிடைக்கிறது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "வழக்கமா பேசுததுதான்" என்றார். லிங்கதுரை அண்ணன் காரை விட்டு இறங்கவேயில்லை. என் கைக் காப்பியைக் குடிக்காமல் அவர் போனது இதுதான் முதல் தடவை.

சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். வற்றலை நான்தான் தின்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கடைசியில் ஒரு வழி கிடைத்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் பன்னாட்டு வாலிபால் போட்டி நடக்கிறதாம். இந்தியா, இந்தோனேசியா, கசகஸ்தான், இலங்கை. பேப்பரில் பார்த்ததிலிருந்து இவர் முகமே மாறிவிட்டது. உள்ளூர்ப் போட்டி ஆயிரம் பார்த்திருக்கிறார், ஆடியிருக்கிறார். வேறு நாட்டுக்காரர்கள் ஆடுவதை டிவியில்தான் பார்த்திருக்கிறார்.

அதே திருவனந்தபுரத்தில் பேர்போன நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஷெரினின் ஆசிரியர் மூலமாக 25ஆம் தேதி மாலை மூன்றரைக்கு நேரம் வாங்கிவிட்டோம். போட்டிக்கு என்று கூட்டிப்போய், காலை மேட்சைக் காட்டிவிட்டு, அப்படியே டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். இந்தியா ஆடுவது மாலை மூன்று மணிக்கு. அது போய்விடும். போனால் போகட்டும். இந்தியா அடுத்த வருடமும் ஆடும்.

டாக்டர் கழுத்துக்கு ஏதாவது பட்டை கொடுப்பார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

புளிச்சோறு கிளறியாயிற்று. உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, இவருக்கு மட்டும் தனியாகத் தயிர்சோறு பிசைந்து கரண்டி வைத்தேன். இப்போதெல்லாம் கரண்டிதான் சௌகரியம் என்கிறார். பழைய அணிச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். முதுகில் எண் இன்னும் அழியவில்லை. தோள் இரண்டும் தொங்கிப்போய் அது யாருடைய சட்டையோ மாதிரி இருந்தது. துணி தொய்ந்துபோயிருக்கும்.

லிங்கதுரை அண்ணனும் வருகிறார். டாக்டர் விஷயம் அவருக்கும் தெரியாது. தெரிந்தால் இவரிடம் உளறிவிடுவார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. எல்லாரும் தூங்குகிறார்கள். நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடப் பார்க்கிறேன்.

களியக்காவிளை தாண்டும் வரை கார் முழுக்கப் பாட்டும் கேலியும்தான். லிங்கதுரை அண்ணனைப் பார்த்து, "ஏல லிங்கம், இந்த வயித்த வச்சிக்கிட்டு நீ குதிச்சா வலை கீழ வந்துரும்ல" என்று இவர் சொல்ல, கார் குலுங்கியது. திருவனந்தபுரத்துக்குள் நுழைந்ததும் ஒரு முக்கில் அண்ணன் யாரையும் கேட்காமல் இடதுபக்கம் ஒடித்தார். "நேரா போல, நேரா" என்று இவர் அதட்டினார். அண்ணன் பதறிப்போய் வண்டியைத் திருப்பினார். இடதுபக்கம் அம்பு போட்ட பலகையில் ஆஸ்பத்திரிப் பெயர் இருந்தது. இரண்டு பேருக்கும் ஊர் நல்ல பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

எல்லாரும் பக்கவாட்டில் உட்காரத்தான் அடித்துக்கொள்கிறார்கள். இவர் கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அங்கிருந்துதான் செட்டரின் முதுகு தெரியுமாம். முன்வரிசையில் இவரும் ஷெரினும், அதற்குப் பின்வரிசையில் நானும் லிங்கதுரை அண்ணனும். உள்ளே அந்த வெளிச்சமும் பளபளப்பான தரையும்! கசகஸ்தான்காரர்கள் ஒவ்வொருவரும் தென்னை உயரம். இலங்கைப் பையன்கள் அவர்களின் தோளுக்குத்தான் இருந்தார்கள், ஆனால் பந்து கீழே விழ விடவில்லை.

இலங்கை நம் பக்கம் வந்தபோது இவர் விளையாட ஆரம்பித்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். செட்டர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டினதும், "பாரு, நடுவுல குட்டையா போவும்" என்பார். போகும். "இது பின்னாலருந்து அடிப்பான்." அடிப்பான். சுற்றி இருந்த மலையாளத்துப் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஷெரின் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

எனக்கு மனசு உறுத்தியது. மூன்று மணிக்கு இந்த மனுசனை எப்படி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவேன்? லிங்கதுரை அண்ணனிடம் சொல்லி வைத்தால் உதவியாக இருக்கும் என்று மெல்லக் குனிந்து, "அண்ணே, இங்ஙன ஒரு நரம்பு டாக்டர்ட்ட நேரம் வாங்கியிருக்கேன். இவுகளுக்குத் தெரியாது" என்றேன்.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "இன்னொரு டாக்டரா? எதுக்குத் தங்கச்சி? அன்னிக்கே அந்தப் பெரிய டாக்டரு எல்லா டெஸ்டும் எடுத்து..."

முன்வரிசையில் இவர் திரும்பவில்லை. பார்வை கோர்ட்டிலேயே இருந்தது. இரண்டு கைகளையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்தார். வலது கை விரிந்து கிடந்தது. இடது கையால் அதன் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கினார். அப்புறம் மோதிர விரல். அப்புறம் நடுவிரல். மடக்கின விரல் நிமிர்ந்துவிடாமல் இடது கையால் அமுக்கிக்கொண்டே அடுத்ததை மடக்கினார். கடைசியில் கட்டைவிரலை மேலே வைத்து மூடி, முழுதாக ஒரு மூடிய கையை எங்களுக்குக் காட்டினார்.

அண்ணன் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டார். அவரும் அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவர்தானே.

இலங்கை தோற்றது என்று நினைக்கிறேன். எனக்கு அதற்குமேல் ஆட்டம் ஞாபகமில்லை.

இடைவேளையில் அண்ணனைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனேன். "சங்கக் கூட்டம்னு சொன்னது இங்கதானா?" என்றேன். தலையை ஆட்டினார். "டாக்டர் என்ன சொன்னாரு?" அவ்வளவு பெரிய ஆள், துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். "சரிண்ணே, சொல்ல வேண்டாம்" என்றேன்.

திரும்பி வந்தபோது இவர் தயிர்சோற்றைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். ஷெரின் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தன மணிக்குட்டி டாக்டரு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷெரின் பைக்குள்ளருந்து எக்ஸ்ரே கவர் நீட்டிக்கிட்டு நிக்கி. வாலிபால் பாக்க எவளாவது எக்ஸ்ரே தூக்கிட்டு வருவாளா? ரெண்டு பேரும் களவாங்கப் போனா அன்னிக்கே அம்புடுவிய."

சிரித்தேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கழுத்து கழுத்துன்னு சொல்லிட்டு இருந்தியா. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. அதை ஏன் கெடுக்கணும்?" கரண்டியைக் கீழே வைத்தார். "போவணும்னா போவோம். வேண்டாங்கல. அவரு சொன்னதையேதான் இவரும் சொல்லுவாரு."

ஷெரின் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "அம்மா, மணி ரெண்டரை ஆயிட்டு" என்றாள்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் யாராவது ஒரு டாக்டர் கழுத்துத் தேய்மானம் என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான். அதற்காகத்தான் இவ்வளவு தந்திரமும். இனி அதைச் சொல்ல எந்த டாக்டரும் இல்லை.

"உக்காரு" என்றேன். "இந்தியா மேட்ச் பாத்துட்டுப் போவோம்."

ஷெரின் எக்ஸ்ரேயைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துவிட்டு உட்கார்ந்தாள். நான் இவர் பக்கத்திலிருந்து எழுந்து பழையபடி பின்வரிசைக்குப் போனேன். பின்னாலேயே இருந்தேன்.

இந்தியா ஐந்தாவது செட்டில் தோற்றது. ஆனால் என்ன ஆட்டம்! அரங்கமே எழுந்து நின்று கத்தியது. இவர் கை தட்டப் பார்த்தார், சத்தம் வரவில்லை. ஷெரின் தன் உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் இடது கையால் அதில் தட்டினார். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வரும்போது அவள் கை சிவந்திருந்தது.

காரில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னார். நோயின் பேரும் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். "கண்ணு, காது, புத்தி மூணும் கடைசி வரைக்கும் நல்லா இருக்குமாம்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்லுகிற மாதிரி.

ஜூன் 16, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்கு இன்று நரம்பு மண்டலம் தொடங்க வேண்டும். மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை எப்படிப் போகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போடுவேன். ஜெபக்கனி மிஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டேன். தலைவலி.

ஜூலை 12, ஞாயிறு

கோவிலில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது வலது கால் மடங்கிவிட்டது. முன்பெஞ்சில் நெற்றி இடித்து மூன்று தையல். "பிரசங்கம் கேட்டுத் தூங்கி விழுந்துட்டேன்னு சொல்லு" என்றார். போதகரிடம் அப்படியே சொன்னேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இடது கையும் கரண்டியைப் பிடிக்க மறுக்கிறது. நான் ஊட்டினேன். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. பாத்திரம் விளக்கும்போது ஒரு தட்டை உடைத்தேன். தானாக விழவில்லை, நான்தான் போட்டேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

லிங்கதுரை அண்ணன் வாரா வாரம் வருகிறார். பழைய மேட்ச் எல்லாம் போனில் போட்டுக்காட்டுகிறார். இவர் பேசுவது இப்போது எனக்கும் ஷெரினுக்கும்தான் புரிகிறது. செட்டர் முதுகைக் காட்டினதும் இவர் ஏதோ சொல்வார், நான் அதை அண்ணனுக்குச் சொல்வேன். "நடுவுல குட்டையாவாம்ண்ணே." வாலிபாலைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டேன். இப்போது எல்லாம் தெரிகிறது.

அக்டோபர் 11, ஞாயிறு

தவமணி சார் வந்தார்.

சக்கர நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தேன். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்திப் பேசினார். "கவலையே படாதீங்க ஆசீர்! என் மச்சினனுக்கும் இப்படித்தான் இருந்திச்சு! நல்லெண்ணெய் தேச்சுத் தேச்சே சரியாப் போச்சு! இப்ப பைக் ஓட்டுதான்!" அப்புறம் போனை எடுத்தார். பேரனின் பிறந்தநாள். கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒரு படம், வெட்டும்போது ஒரு படம், வெட்டின பிறகு ஒரு படம். இவர் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். இவரால் தலையைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது. அடுக்களையில் கறி கொதிக்கிற வாசம் வேறு. "என்ன டீச்சர், இன்னிக்கும் கறியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். இவர் வலது கை கைப்பிடியிலிருந்து நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரித்த கை.

பார்த்ததும் எனக்கு ஜனவரி மாதம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு என்ன சண்டை போட்டேன்! ஒரு நேரச் சோற்றுக்கு.

குனிந்து அந்தக் கையை எடுத்தேன். தவமணி சாருக்குத் தெரியாமல் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்தேன். சுண்டுவிரலை மடக்கினேன். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப நிமிர்ந்தது. அமுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மேலே வைத்து மூடினேன்.

"சார், இவுகளுக்கு மருந்து நேரம். இன்னொரு நாளைக்கு வாங்க" என்றேன்.

தவமணி சார் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னால் நிற்கிற எனக்குத் தெரியவில்லை. இரண்டடி எடுத்து வைத்து முன்னால் போனால் தெரிந்துவிடும்.

போகவில்லை. மூடிய கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கறி அடிப்பிடித்துவிட்டது.